உழவு சாலில் பிறந்த தொலைக்காட்சி

(மூன்றாம் ஆண்டு மாணவன், மின்னணு மற்றும் தகவல் தொடர்பியல் பிரிவு)



நம் லேபில் கடைசி மேசைக்கு அடியில் ஒரு பழைய பிக்சர் ட்யூப் டி.வி. கிடக்கிறது. அதில் காலை இடித்துக் கொள்ளாதவர்கள் யாரும் இருக்க மாட்டோம். பின் மூடியைக் கழற்றினால், கண்ணாடிக் குழாயின் கழுத்தில் செம்புக் கம்பி சுற்றிய யோக் ஒன்று தெரியும். அந்தச் சுருள்தான் எலக்ட்ரான்களை இடமிருந்து வலமாக, மேலிருந்து கீழாக, வரி வரியாக ஓட்டிப் படம் வரைகிறது. இப்போது கடையில் விற்கும் தட்டை டி.வி.க்களில் குழாயும் கிடையாது, யோக்கும் கிடையாது. ஆனால் படத்தை வரி வரியாகப் பிரித்து, மறுமுனையில் வரி வரியாகச் சேர்க்கும் வேலை இன்னும் போகவில்லை. அதை முழுக்க முழுக்க எலக்ட்ரானை வைத்தே முதலில் செய்து காட்டியவர் ஒரு விவசாயி மகன். பெயர் ஃபிலோ ஃபார்ன்ஸ்வொர்த்.

இவரைப் பற்றி எழுத எனக்குச் சொந்தக் காரணம் ஒன்று உண்டு. எங்க குடும்பத்தில் படிக்க வந்த முதல் ஆள் நான். அப்பா கூலிக்கு உழவு ஓட்டுகிறவர். முன்பு குத்தகை நிலம் இருந்தது. அந்தக் கதை பின்னால் வரும். எங்க வீட்டுக்கு வந்த முதல் டி.வி., அரசு இலவசமாகக் கொடுத்த கலர் டி.வி.தான். அது ரிப்பேர் ஆனதும் நான் பிரித்துப் போட்டுப் பார்த்ததில் ஆரம்பித்ததுதான் இந்த டிப்ளமோ. சுவிட்சை அணைத்த பிறகும் பிக்சர் ட்யூபில் மின்சாரம் தேங்கி நிற்கும் என்று அப்போது எனக்குத் தெரியாது. தப்பித்தது அம்மா கும்பிட்ட சாமி புண்ணியம். திரும்பப் பூட்டத் தெரியவில்லை என்பது வேறு விஷயம்.

சரி, விஷயத்துக்கு வருவோம்.

1906 ஆகஸ்ட் 19ஆம் தேதி, அமெரிக்காவின் யூட்டா மாநிலத்தில், பீவர் என்ற ஊருக்குப் பக்கத்தில் ஒரு மரவீட்டில் ஃபிலோ பிறந்தார். சிறுவனாக இருக்கும்போதே குடும்பம் ஐடஹோ மாநிலத்து ரிக்பி பக்கம் உறவினர் பண்ணைக்குக் குடி போனது. அங்கே வீட்டுக்கு மின்சாரம் தர ஒரு ஜெனரேட்டர் இருந்தது. பரணில் பழைய விஞ்ஞானப் பத்திரிகைகள் கட்டுக் கட்டாகக் கிடந்தன. ஒரு பையன் கெட்டுப் போக (அல்லது உருப்பட) இதற்கு மேல் என்ன வேண்டும்? ஜெனரேட்டர் நின்று போனால் சரி செய்வது அவன் வேலை ஆயிற்று. பொழுது விடியுமுன் எழுந்து பத்திரிகை படிப்பது அவன் பழக்கம் ஆயிற்று.

டி.வி. என்ற ஆசை அப்போதே உலகத்தில் இருந்தது. 1884இல் நிப்கோவ் என்ற ஜெர்மானியர், சுருள் வரிசையில் துளை போட்ட ஒரு வட்டத் தகட்டைச் சுழற்றினால் படத்தைப் புள்ளி புள்ளியாகப் பிரிக்கலாம் என்று காட்டியிருந்தார். மற்ற பலரும் அந்தச் சக்கரத்தைத்தான் பிடித்துக் கொண்டிருந்தார்கள. ஆனால் எவ்வளவு வேகமாகச் சுற்றினாலும் சக்கரம் சக்கரம்தான். நுணுக்கமான படம் தெளிவாகத் தெரியும் அளவுக்கு அதனால் ஓட முடியாது. எடையே இல்லாத மாதிரி ஓடக் கூடியது எலக்ட்ரான் ஒன்றுதான் என்பது ஃபிலோவுக்குப் பிடிபட்டது. எப்படி ஓட்டுவது? பதினாலு வயசில் குதிரை பூட்டி வயல் உழுது கொண்டிருந்தபோது, திரும்பிப் பார்த்தால் சால் சாலாக மண் கிடக்கிறது. படத்தையும் இப்படியே சால் சாலாக உழுதால் என்ன என்று தோன்றியதாம்.

இங்கே உழவு தெரிந்தவன் என்ற முறையில் ஒன்று சொல்ல வேண்டும். ஏர் கடைசி வரை போய், திரும்பும்போதும் உழுது கொண்டேதான் வரும். டி.வி.யில் அப்படி இல்லை. ஒரு வரி முடிந்ததும் எலக்ட்ரான் கற்றை எதையும் வரையாமல் மறுபடி இடப்பக்கத்துக்கு ஓடி வர வேண்டும். அதைத்தான் நாம் ஃப்ளைபேக் என்று படிக்கிறோம். எங்க அப்பாவிடம் விளக்கினேன். வெறும் ஏரை எதற்குத் திருப்பி ஓட்டுகிறார்கள் என்று கேட்டார். நியாயமான கேள்விதான்.

பள்ளிக்கூடத்தில் ஜஸ்டின் டோல்மன் என்று ஒரு வேதியியல் ஆசிரியர். 1922இல் பதினைந்து வயசுப் பையன் அவரிடம் போய், கரும்பலகை நிறையப் படம் போட்டுத் தன் யோசனையை விளக்கினான். ஒரு தாளிலும் வரைந்து கொடுத்தான். டோல்மனுக்கு முழுக்கப் புரிந்ததோ என்னவோ, பையனைச் சிரித்து அனுப்பவில்லை. இந்த ஆசிரியரை மறந்து விடாதீர்கள்.

1924இல் அப்பா இறந்து போனார். குடும்ப பாரம் தலையில் விழுந்தது; கல்லூரிப் படிப்பு பாதியில் நின்றது. 1926இல் சால்ட் லேக் சிட்டியில் ஜார்ஜ் எவர்சன் என்பவரிடம் வேலைக்குச் சேர்ந்தார். எவர்சன் நன்கொடை திரட்டும் தொழிலில் இருந்தவர். இந்தப் பத்தொன்பது வயசுப் பையன் டி.வி. பற்றிப் பேச ஆரம்பித்தால் கண் பளபளப்பதைப் பார்த்து, அவரும் கூட்டாளியும் சேர்ந்து 6,000 டாலர் போட்டார்கள். அதே வருஷம் பெம் என்ற எல்மா கார்ட்னரைக் கல்யாணம் செய்து கொண்டு ஃபிலோ கலிஃபோர்னியாவுக்கு ரயில் ஏறினார். பிறகு சான் ஃபிரான்சிஸ்கோவின் வங்கிக்காரர்கள் 25,000 டாலர் தந்தார்கள். கிரீன் தெருவில் 202ஆம் எண் கட்டடத்தில் சோதனைக்கூடம். மச்சான் கிளிஃப் கார்ட்னர் கண்ணாடி ஊதப் பழகிக் கொண்டு குழாய் செய்தார். அதற்குக் கடையில் ஆர்டர் கொடுக்க முடியாது. அப்படி ஒரு குழாய் அதுவரை உலகத்தில் இல்லை.

அந்தக் குழாய் வேலை செய்யும் விதத்தைச் சுருக்கமாகச் சொல்கிறேன். லென்ஸ் மூலம் காட்சி, சீசியம் பூசிய ஒரு தட்டில் விழுகிறது. வெளிச்சம் அதிகமான இடத்திலிருந்து அதிக எலக்ட்ரான், இருட்டான இடத்திலிருந்து குறைந்த எலக்ட்ரான் கிளம்புகிறது. ஆக, ஒளியால் ஆன படம் இப்போது எலக்ட்ரானால் ஆன படமாகி விட்டது. அந்த மொத்தப் படத்தையும் காந்தச் சுருளால் மேலும் கீழும், இடமும் வலமும் இழுத்து, ஒரு சின்ன ஓட்டைக்கு முன்னால் ஓட வைக்கிறார். ஓட்டைக்குள் ஒரு நேரத்தில் ஒரு புள்ளி நுழையும். அவ்வளவுதான்! சுழலும் பாகம் ஒன்று கூட கிடையாது.

1927 ஜனவரி 7ஆம் தேதி காப்புரிமைக்கு விண்ணப்பம் போட்டார். செப்டம்பர் 7ஆம் தேதி, ஓர் அறையில் கண்ணாடித் துண்டில் கீறிய ஒரு கோடு, இன்னோர் அறையில் திரையில் தெரிந்தது. கண்ணாடியைத் திருப்பினால் கோடும் திரும்பியது. ஃபிலோவுக்கு வயசு 21. அடுத்த வருஷம், டாலர் எப்போது தெரியும் என்று பணம் போட்டவர்கள் நச்சரித்தபோது, டாலர் குறியையே படமாக அனுப்பிக் காட்டினார் என்பார்கள். 1930 ஆகஸ்ட் 26ஆம் தேதி 1,773,980 என்ற எண்ணில் காப்புரிமை கிடைத்தது. நண்பர்களே, இந்தத் தேதியை மட்டும் குறித்து வைத்துக் கொள்ளுங்கள். அமெரிக்கச் சட்டப்படி அன்று காப்புரிமைக்கு ஆயுள், கொடுத்த நாளிலிருந்து 17 வருஷம். கடிகாரம் ஓட ஆரம்பித்து விட்டது.

இப்போது கதைக்குள் டேவிட் சார்னாஃப் வருகிறார். அமெரிக்காவின் வானொலித் தொழிலையே கையில் வைத்திருந்த ஆர்.சி.ஏ. கம்பெனியின் தலைவர். ரஷ்யாவிலிருந்து சிறுவனாக வந்து, தெருவில் பத்திரிகை விற்று, தந்தி ஆபீசில் எடுபிடியாக இருந்து, அந்த நாற்காலிக்கு ஏறியவர்.  அதனால் அவரை வெறும் வில்லன் என்று எழுத எனக்கு மனம் வரவில்லை. ஆனால் அவர் கம்பெனியின் வழக்கம் ஒன்று உண்டு. வானொலிப் பெட்டி செய்கிற எல்லோரிடமும் ஆர்.சி.ஏ. ராயல்டி வாங்கும், தான் யாருக்கும் கொடுக்காது. டி.வி.யிலும் அதையே எதிர்பார்த்தார். அவருடைய விஞ்ஞானி விளாடிமிர் ஸ்வோரிகின், 1930 ஏப்ரலில் கிரீன் தெரு சோதனைக்கூடத்துக்கே வந்து மூன்று நாள் பார்த்து விட்டுப் போனார். ஃபிலோ ஒளிவு மறைவு இல்லாமல் எல்லாம் காட்டினார். அடுத்த வருஷம் சார்னாஃபே வந்தார். கம்பெனியோடு ஃபிலோவையும் சேர்த்து ஒரு லட்சம் டாலருக்குக் கேட்டார். கிடையாது என்று பதில். பிறகு ஃபிலோ, பிலடெல்ஃபியாவில் ஃபில்கோ என்ற வானொலிக் கம்பெனியுடன் சேர்ந்து இரண்டு வருஷம் வேலை செய்தார். அந்த ஊரில்தான், 1932இல், குழந்தை கென்னி தொண்டைத் தொற்றில் இறந்து போனான்.

அதே 1932இல் ஆர்.சி.ஏ. காப்புரிமை அலுவலகத்தில் வழக்குப் போட்டது. ஸ்வோரிகின் 1923லேயே விண்ணப்பித்து விட்டார், ஆகவே அவர்தான் முந்தியவர் என்பது வாதம். பதினைந்து வயசுப் பையன் டி.வி.யைக் கண்டுபிடித்தான் என்றால் யார் நம்புவார்கள் என்று வக்கீல்கள் கேட்டார்கள். அப்போது டோல்மன் ஆசிரியரைத் தேடிப் பிடித்தார்கள். மனுஷர் சாட்சி சொன்னதோடு, பையன் அன்று வரைந்து கொடுத்த தாளையும் பத்திரமாக வைத்திருந்து எடுத்துக் கொடுத்தார்!

நிறையப் பேர் இதோடு நிறுத்தி, ஆசிரியர்தான் வழக்கை ஜெயித்துக் கொடுத்தார் என்று எழுதி விடுகிறார்கள். கேட்க நன்றாக இருக்கிறது. ஆனால் தீர்ப்பு நின்ற இடம் வேறு. ஸ்வோரிகினின் 1923 விண்ணப்பத்தில் அந்த எலக்ட்ரான் படம் என்ற விஷயத்துக்கு உரிமை கோர இடமில்லை. ஃபார்ன்ஸ்வொர்த்தின் 1927 ஜனவரி 7 விண்ணப்பத்தில் அது தெளிவாக இருந்தது. தேதி போட்ட காகிதம்தான் பேசியது.

இதைப் படித்தபோது எனக்கு நெஞ்சு அடைத்தது. எங்க அப்பா பதினோரு வருஷம் குத்தகைக்கு உழுத நிலத்தை நிலக்காரர் வேறு ஒருவருக்கு விற்றபோது அப்பா கையில் ஒரு துண்டுச் சீட்டு கிடையாது. தெருவே சாட்சி சொல்லத் தயாராக இருந்தது. சாட்சியை வைத்துக் கொண்டு என்ன செய்வது? அப்போது நான் எட்டாவது படித்துக் கொண்டிருந்தேன். முதல் வருஷம் நான் தேதி போடாமல் எழுதிய ரெக்கார்டு நோட்டை லேபில் திருப்பிக் கொடுத்து முழுக்க எழுத வைத்தார்கள். கோபப்பட்டு இரண்டு நாள் சரியாகச் சாப்பிடவில்லை. இப்போது கோபம் இல்லை.

ஆர்.சி.ஏ. மேல்முறையீட்டிலும் தோற்றது. 1934 ஆகஸ்டில் பிலடெல்ஃபியாவின் ஃபிராங்க்ளின் நிலையத்தில் ஃபிலோ பொதுமக்களுக்கே தன் டி.வி.யைக் காட்டினார், கூட்டம் அலைமோதியது. ஜெயித்தாயிற்று, இனிப் பணம் கொட்டும் என்றுதானே நினைப்போம்? இங்கேதான் சட்டத்தின் இன்னொரு பக்கம் வருகிறது.

வானொலி அலை அரசின் அனுமதி இல்லாமல் யாரும் பயன்படுத்தக் கூடியது அல்ல. 1927 முதல் ஒரு வானொலி ஆணையமும், 1934இல் வந்த சட்டப்படி எஃப்.சி.சி. என்ற தகவல் தொடர்பு ஆணையமும் உரிமம் கொடுத்தன. டி.வி. நிலையங்களுக்குக் கிடைத்ததெல்லாம் பரிசோதனை உரிமம் மட்டும்தான். விளம்பரம் போட்டுக் காசு வாங்கக் கூடாது. வருமானம் இல்லாமல் யார் நிலையம் நடத்துவார்கள்? நிலையம் இல்லாமல் யார் பெட்டி வாங்குவார்கள்? பெட்டி விற்காவிட்டால் காப்புரிமைக்காரருக்கு ராயல்டி எங்கிருந்து வரும்?

ஆணையத்தையும் குறை சொல்ல முடியாது. வானொலியில் ஒலியைப் பிடித்தால் போதும். டி.வி. பூட்டும் சாவியும் மாதிரி. நிலையம் ஒரு படத்தை எத்தனை வரியாகப் பிரிக்கிறதோ, அத்தனை வரியாகவே பெட்டி சேர்க்க வேண்டும். ஆர்.சி.ஏ. 441 வரி என்றது. ஃபில்கோ இன்னும் அதிகம் வேண்டும் என்றது. ட்யூமான்ட் கம்பெனி வரி எண்ணிக்கையையே கட்டிப் போடாதே என்றது. அவசரப்பட்டு ஒன்றை முடிவு செய்து, நாளைக்கு மாற்றினால் ஜனங்கள் வாங்கிய பெட்டியெல்லாம் வெறும் மரப்பெட்டி. 1939இல் நியூயார்க் உலகக் கண்காட்சியில் சார்னாஃப் ஆரவாரமாக டி.வி.யைத் தொடங்கி வைத்தார். 1940இல் ஆணையம் அரைகுறையாக அனுமதி தந்ததும் ஆர்.சி.ஏ. பெட்டி விற்பனைக்குப் பெரிய விளம்பரம் செய்தது. இப்படியே போனால் 441 வரியே நிலைத்து விடும் என்று ஆணையத் தலைவர் ஜேம்ஸ் ஃபிளை அனுமதியைத் திரும்பப் பிடித்துக் கொண்டார். தொழிற்துறைப் பொறியாளர்கள் குழு ஒன்று கூடிப் பேசி 525 வரி, நொடிக்கு 30 படம் என்று முடிவுக்கு வந்தது. நாம் பாடத்தில் என்.டி.எஸ்.சி. என்று மனப்பாடம் செய்கிறோமே, அது அந்தக் குழுவின் பெயர்தான். (நம் நாடு பின்னால் எடுத்துக் கொண்டது 625 வரி.)

1941 ஜூலை 1ஆம் தேதி வியாபார ஒளிபரப்பு சட்டப்படி தொடங்கியது. அன்றே நியூயார்க்கில் புலோவா கடிகாரக் கம்பெனியின் விளம்பரம் ஒன்று ஓடியது. முதல் சட்டப்பூர்வ டி.வி. விளம்பரம் அதுதான். ஓடிய பொருள் கடிகாரம் என்பதைக் கவனித்தீர்களா?

இதற்கு முன்பே, 1939இல், சார்னாஃப் இறங்கி வந்திருந்தார். ஃபார்ன்ஸ்வொர்த்தின் காப்புரிமையைச் சுற்றிப் போக வழி இல்லை. பத்து வருஷத்தில் பத்து லட்சம் டாலரும், அது போக ராயல்டியும் தருவதாக ஆர்.சி.ஏ. கையெழுத்துப் போட்டது. கையெழுத்துப் போட்ட வக்கீலின் கண் கலங்கியது என்று ஒரு கதை உண்டு. எனக்கு நம்பிக்கை இல்லை, வக்கீல்கள் அப்படி அழுவதில்லை. இன்னொன்றையும் நேர்மையாகச் சொல்ல வேண்டும். ஃபார்ன்ஸ்வொர்த் குழாய்க்குக் கண் கூசும் வெளிச்சம் வேண்டும். ஸ்வோரிகினின் குழாய் ஒளியைச் சேமித்து வைத்துக் கொள்ளும். குறைந்த வெளிச்சத்திலும் வேலை செய்யும். ஸ்டுடியோக்காரர்களுக்கு அதுதான் பிடித்தது. யோசனை ஒருவருடையது, சந்தைக்குப் போன காமிரா இன்னொருவருடையது.

1938 முதல் 1939 வரையிலான காலத்தில் இந்தியானா மாநிலத்து ஃபோர்ட் வேனில் ஃபார்ன்ஸ்வொர்த் பெயரில் தொழிற்சாலையும் உருவானது. ஆனால் 1942 வசந்தத்தில், போருக்காக, டி.வி. பெட்டி தயாரிப்பை அமெரிக்கா நிறுத்தியது. 1945 வரை ஒன்றும் இல்லை. 1946இல்தான் பெட்டிகள் மீண்டும் கடைக்கு வந்தன, அதுவும் சில ஆயிரம்தான். 1947 ஆகஸ்டில் அந்த அடிப்படைக் காப்புரிமையின் 17 வருஷம் முடிந்தது.

நான் விரல் விட்டு எண்ணிப் பார்த்தேன். முதல் பதினொரு வருஷம் சட்டத்தின் அனுமதிக்குக் காத்திருந்ததில் போனது. நடுவில் நாலு வருஷம் போர். இரண்டையும் கழித்தால், வியாபாரம் நடந்த காலம் இரண்டரை வருஷம் கூட இல்லை. அதற்குப் பிறகு யார் வேண்டுமானாலும் காசு தராமல் செய்து கொள்ளலாம். செய்தார்கள்! 1950இல் மட்டும் எழுபது லட்சத்துக்கு மேல் பெட்டிகள் அமெரிக்காவில் தயாராயின. நிலையங்கள் ஒன்றோடு ஒன்று மோதாமல் அலைவரிசை பிரிக்க வேண்டும் என்று, 1948 செப்டம்பர் முதல் 1952 ஏப்ரல் வரை எஃப்.சி.சி. புது உரிமம் எதுவும் கொடுக்காமல் நிறுத்தி வைத்திருந்தது. அப்படியிருந்தும் இந்த விற்பனை.

ஃபிலோ இந்தக் காத்திருப்பில் உடைந்து போனார். மெயின் மாநிலத்து வீட்டில் ஒதுங்கினார். நரம்புத் தளர்ச்சி, குடி. 1947இல் அந்த வீடும் தீப்பிடித்து எரிந்தது. 1949இல் கம்பெனி ஐ.டி.டி. நிறுவனத்துக்குக் கைமாறியது. அங்கே வேலை பார்த்தபடி பின்னாளில் அணுக்கரு இணைவு ஆராய்ச்சியில் இறங்கினார். அது தனிக் கட்டுரைக்குரிய விஷயம்.

1957இல் அவர் ஒரு டி.வி. போட்டி நிகழ்ச்சிக்கு வந்தார். வந்திருப்பவரின் ரகசியத்தைக் கேள்வி கேட்டுக் கண்டுபிடிக்க வேண்டும். டாக்டர் எக்ஸ் என்ற பெயரில் உட்கார வைத்தார்கள். எலக்ட்ரான் டி.வி.யைக் கண்டுபிடித்தவர் என்பதை, டி.வி.யால் பிழைக்கும் அந்த நால்வரில் ஒருவராலும் சொல்ல முடியவில்லை. பரிசு 80 டாலர். நிகழ்ச்சியை நடத்திய சிகரெட் கம்பெனி சார்பில் ஒரு பெட்டி சிகரெட்.

தன் வீட்டில் டி.வி. ஓடுவதையே அவர் விரும்பவில்லை என்று மகன் பின்னாளில் சொல்லியிருக்கிறார். ஒரே ஒரு நாள் விதிவிலக்கு. 1969 ஜூலையில், நிலாவில் மனிதன் நடந்ததை மனைவியோடு உட்கார்ந்து டி.வி.யில் பார்த்தார். பட்ட பாட்டுக்கெல்லாம் இது போதும் என்ற மாதிரி அன்று பேசினாராம்.

1971 மார்ச் 11ஆம் தேதி, கடனோடு, நிமோனியாவில் இறந்தார். சார்னாஃப் அதே வருஷம் டிசம்பரில் போனார். 1983இல் அமெரிக்கா ஃபார்ன்ஸ்வொர்த்துக்குத் தபால்தலை வெளியிட்டது. அந்தப் பெயரை மறக்க விடாமல் அத்தனை வருஷமும் அலைந்தவர் பெம் அம்மையார். 2006 வரை உயிரோடு இருந்தார். 1929இல் சோதனைக்கூடத்தில் அனுப்பிய படங்களில் அவர் முகமும் ஒன்று. மனித முகம் எலக்ட்ரான் டி.வி.யில் தெரிந்த ஆரம்ப நாட்கள் அவை. விளக்குகளின் வெளிச்சம் தாங்காமல், அந்தப் படத்தில் அவர் கண்ணை மூடிக் கொண்டுதான் இருக்கிறார்.